இடது பக்க செனான் ஹெட்லைட் எரியவில்லை, பேலஸ்டை நானே கழற்றலாமா?

வேளச்சேரி செடான்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 மாடல் செடான், கம்பெனியிலிருந்தே செனான் ஹெட்லைட்டோடு வந்தது. மூன்று வாரமாக இடது பக்க டிம் ஒரு நாள் எரிகிறது, மறுநாள் எரிவதில்லை, ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் நிச்சயமாக எரியாது, மதியம் வெயிலில் நின்ற பிறகு சில சமயம் தானாகவே எரிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பம்பர் வரை தண்ணீர் நின்றது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்றும் தெரியவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஹெட்லைட்டை முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு நான்கு டயரும் புதிதாகப் போட்டு மீதியும் வாங்கிவிடலாம். பல்பைப் பற்றவைத்து எரிய வைக்கும் மின்பெட்டியான பேலஸ்ட் தனியாகக் கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. கீழே குனிந்து பார்த்தால் ஹெட்லைட்டின் அடியில் ஒரு அலுமினியப் பெட்டி, அதில் மின்னல் குறி போட்ட மஞ்சள் ஸ்டிக்கர். 25,000 வோல்ட் என்று படித்ததிலிருந்து கை வைக்கவே பயமாக இருக்கிறது. வீட்டு ஃபேன், ஸ்விட்ச் வேலையெல்லாம் நானே செய்வேன், ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் இருக்கிறது. கையில் எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

கோவை ஒயரிங்:

தம்பி, எடுக்கலாம். ஆனால் பேலஸ்டைக் கழற்றுவதற்கு முன்னால் அது பேலஸ்ட்தானா என்று பாருங்கள். நான் 19 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், பேலஸ்ட் போயிற்று என்று என்னிடம் வரும் வண்டிகளில் பல்பு போனதும் எர்த் ஒயர் துருப்பிடித்ததும் நிறைய உண்டு.

முதலில் இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து வலது பக்கம் போனால் பல்பு. இடதிலேயே நின்றுவிட்டால் பேலஸ்ட், அல்லது அதற்கு வரும் 12 வோல்ட் லைன். அந்த லைனை மல்டிமீட்டரில் மட்டும் பார்த்துவிட்டு 12 இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். களிம்பு ஏறிய எர்த் கூட மீட்டருக்கு 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதே இல்லை. பேலஸ்டோ பல்பு பற்றும் அந்த முதல் சில விநாடிகளில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் பழைய 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர் பிடித்து, பேலஸ்டுக்கு உள்ளே வரும் கப்ளரில், அதாவது ஒயர் செருகும் இணைப்பில், கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது, மங்கினால் பேலஸ்டைக் குறை சொல்லாமல் எர்த்தைத் தேடுங்கள். இந்த டெஸ்ட் பேட்டரி பக்கம் மட்டும்தான், பேலஸ்டிலிருந்து பல்புக்குப் போகும் பக்கம் மீட்டர் முனையையோ டெஸ்டரையோ எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது. உங்கள் மீட்டர் 600 அல்லது 1000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், பல்பைப் பற்றவைக்கும் அடி அதைப்போல இருபது மடங்குக்கு மேல்.

பல்பை மாற்றிப் பார்க்கும்போதே முழுப் பாதுகாப்பும் வேண்டும், பேலஸ்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். லைட் ஸ்விட்சை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, 10ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது துள்ளி மறுபடி தொடாதபடி துணி சுற்றி ஓரமாக வையுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி என்றால் டிக்கியை மூடிவிடாதீர்கள், மின்சாரப் பூட்டு என்றால் அப்புறம் திறக்க முடியாமல் தவிக்க வேண்டிவரும். பேட்டரியை மாட்டியபின் ரேடியோ ரகசிய எண் கேட்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றியபின் 10 நிமிஷம் கை வைக்க வேண்டாம். அதற்குச் சற்று முன்புவரை லைட் எரிந்திருந்தால் அரை மணி நேரம், பல்பு அவ்வளவு சூடாக இருக்கும்.

சேலம் டிரைவர்:

பேட்டரியெல்லாம் கழற்ற வேண்டுமா அண்ணே? நான் இரண்டு வண்டியில் செனான் பல்பு மாற்றியிருக்கிறேன், லைட் ஸ்விட்சை ஆஃப் செய்து சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை எடுத்தால் கடிகாரம், ஜன்னல் கண்ணாடி ஆட்டோ எல்லாம் மறுபடி செட் பண்ண வேண்டும். ஸ்விட்ச் ஆஃப் ஆனால் பேலஸ்டுக்கு கரன்ட் எப்படி வரும்?

கோவை ஒயரிங்:

சேலம் தம்பி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பகீரென்றது. எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடம் முன்னால், ஹெல்பர் பையன் ஒருவன் ஸ்விட்சை மட்டும் ஆஃப் செய்துவிட்டு பல்பு சாக்கெட்டைத் திருகிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் எதிரே டீ குடித்துவிட்டு வந்தவர், வண்டிக்குள் வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கலாம் என்று தூரத்திலிருந்தே ரிமோட்டில் லாக்கைத் திறந்தார். இருட்டில் இறங்கி நடக்க வழி தெரியட்டும் என்று அந்த வண்டியில் திறந்தவுடன் ஹெட்லைட் எரிகிற வசதி. சாயங்கால நேரம், சென்சார் இருட்டு என்று நினைத்தது. பையன் கையை உதறிப் பின்னால் துள்ளினான், பின் தலை பானெட் கொக்கியில் இடித்து நாலு தையல். ஷாக் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அவன் வேறு மாதிரி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஏனென்றால் அவனை அந்த வேலைக்கு அனுப்பியது நான்தான்.

இந்தக் கால வண்டிகளில் ஸ்விட்ச் நேராக பேலஸ்டுக்குக் கரன்ட் கொடுப்பதில்லை. ஸ்விட்ச் ஒரு கம்ப்யூட்டரிடம் சொல்கிறது, லைட்டை எப்போது போடுவது என்பதை அந்தக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாத அந்த இரண்டு தடவையும் யாரும் ரிமோட்டை அமுக்கவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் செட் பண்ண இரண்டு நிமிஷம் போதும்.

சேலம் டிரைவர்:

ரிமோட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. என் வண்டியிலும் அந்த வசதி இருக்கிறது. இனி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான்.

சர்க்யூட் பிரியன்:

25,000 வோல்ட் என்பதைக் கொஞ்சம் விளக்கினால் பயம் சரியான இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செனான் பல்பில் இழை கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனை, நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி, சுற்றிலும் அழுத்தத்தில் அடைத்த செனான் வாயுவும் உலோக உப்புகளும். அந்த இடைவெளியைத் தாண்ட முதலில் ஒரு பொறி வேண்டும், அதற்குத்தான் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு கண நேர அடி. பற்றிக்கொண்டபின் அதே பல்புக்கு 85 வோல்ட் போதும், பாதரசம் இல்லாத டி3எஸ், டி4எஸ் வகைகளுக்கு 42 வோல்ட், 35 வாட், அவ்வளவுதான். 12 வோல்ட்டை மேலே ஏற்றி, விநாடிக்குச் சில நூறு தடவை திசை மாற்றிக் கொடுப்பது பேலஸ்ட்.

எனக்கு அந்த 25,000-ஐவிட இடையில் இருக்கும் கட்டம்தான் கவலை. பொறி விழுவதற்கு முன்னால் பேலஸ்ட் தன் வெளியீட்டில் சில நூறு வோல்ட்டை நிறுத்தி வைத்திருக்கும், பல்பு சூடேறும்வரை 70, 80 வாட் வரை கொடுக்கிற மாதிரிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பொறி மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும், இந்தச் சில நூறு வோல்ட்டுக்குப் பின்னால் நிஜமான பலம் இருக்கிறது. போதாததற்கு முதல் முயற்சியில் பல்பு பற்றாவிட்டால் பேலஸ்ட் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கும். உயிரோடு இருக்கும் பேலஸ்டில் ஈரக்கை பட்டால் ஒரே ஒரு அடியோடு போய்விடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றியபின் கதை வேறு. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சிறியவை, மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது மாதிரி நேரம் கடந்தும் காத்திருந்து தாக்குகிறவை இல்லை, நல்ல பேலஸ்டில் சீக்கிரமே வடிந்துவிடும். ஆனால் நீங்கள் கழற்றப்போவது பழுதான பேலஸ்ட், வடிய வைக்கும் பாகம்தான் பழுதோ என்று வெளியிலிருந்து தெரியாது, அண்ணன் சொன்ன 10 நிமிஷம் அதற்காக. கழற்றிய பிறகும் கப்ளர் பின்களை விரலால் துடைத்துப் பார்க்காதீர்கள், பெட்டியைத் திறக்கவும் திறக்காதீர்கள். சில கடைகளில் பல்பு இல்லாமல் பேலஸ்டுக்கு பேட்டரி கொடுத்து ஒயரை உரசி ஸ்பார்க் வருகிறதா என்று பார்ப்பார்கள், நல்ல பேலஸ்டையும் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. போகிற இடம் இல்லாத அந்த மின்சாரம் உள்ளேயே எங்காவது காப்பை உடைத்துக்கொண்டு பாயும்.

அப்பாவின் கார்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்குப் போன வருடம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். 40 வருடமாக அவர் கார் வேலையை அவரேதான் பார்ப்பார், இப்போது செனான் பல்பு மாற்ற வேண்டும் என்று கிளம்பி நிற்கிறார். பேட்டரியைக் கழற்றினால் அவரும் செய்யலாமா?

கோவை ஒயரிங்:

வேண்டாம் அம்மா. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் செனான் விளக்கு வேலையில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேட்டரி கழன்றிருக்கும்போது ஆபத்து குறைவுதான், ஆனால் மாட்டி முடித்ததும் எரிகிறதா என்று ஆன் செய்து குனிந்து பார்ப்போமே, பழக்கப்பட்ட கை அப்போது தன்னால் உள்ளே போகும். அப்பா நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். 40 வருட அனுபவம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு வேறு யாரும் தேவையில்லை.

ஸ்கார்பரோ கராஜ்:

இங்கே கனடாவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள், அதனால் பேலஸ்டின் அலுமினியப் பெட்டி வெள்ளை வெள்ளையாக அரித்துப்போய்த்தான் என் கைக்கு வரும். உங்கள் ஊரில் தேங்கிய மழைத் தண்ணீரும் கடற்கரைக் காற்றும் அதே வேலையைத்தான் செய்யும். கழற்றும்போது ஒரு விஷயம் கவனியுங்கள் தம்பி. பேலஸ்ட் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் டார்க்ஸ் தலை (ஆறு முனை நட்சத்திரக் குழி), ஹெட்லைட்டின் பிளாஸ்டிக்கில் நேராக இறங்கியிருக்கும். இறுகிப்போன ஸ்க்ரூவைப் பலத்தோடு திருகினால் ஸ்க்ரூ வராது, பிளாஸ்டிக் குமிழ் உடைந்து வரும், அப்புறம் ஒர்க்‌ஷாப் சொன்ன மாதிரி ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சரியான அளவு பிட்டைப் போட்டு அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். புது பேலஸ்டோடு, தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய கேஸ்கெட் நசுங்கிப் படிந்திருக்கும், திரும்பப் போட்டால் அடுத்த மழைக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.

வேளச்சேரி செடான்:

எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், என்னைப் போல் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைச் சுவருக்கு எதிரே சமதளத்தில் நிறுத்தி, நன்றாக இருந்த வலது லைட்டின் வெளிச்சக் கோடு எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஞாயிறு காலை சாவி இரண்டையும் மனைவியிடம் கொடுத்து மாடியில் பீரோவுக்குள் வைக்கச் சொன்னேன். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, துணி சுற்றி, 10 நிமிஷம் காத்திருந்து, காய்ந்த கையோடு பல்புகளை மாற்றிப் போட்டேன். கண்ணாடியில் விரல் படாமல் அடிப்பகுதியை மட்டும் பிடித்தேன். டெர்மினலை மாட்டி ஆன் செய்தால் வலது எரிகிறது, இடது எரியவில்லை, ஆக பல்பு இல்லை. மறுபடி கழற்றி, 55 வாட் பல்பை இடது கப்ளரில் கொடுத்து, டெர்மினலை மாட்டி லைட்டைப் போட்டால் கண் கூசுகிற மாதிரி எரிந்தது, ஆக லைனும் இல்லை. இந்த இரண்டு டெஸ்டுக்கும் சேர்த்து நாலு தடவை டெர்மினலைக் கழற்றி மாட்டினேன், ஒவ்வொரு தடவையும் அலுப்பாக இருந்தது, ஆனால் ரிமோட் கதையைப் படித்த பிறகு குறுக்கு வழி போக மனசு வரவில்லை.

என் வண்டியில் பம்பரைக் கழற்றாமல் ஹெட்லைட் வெளியே வராது. பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மச்சானைக் கூப்பிட்டு இரண்டு பேராகக் கழற்றினோம். பேலஸ்டைத் திருப்பியதும் காரணம் தெரிந்துவிட்டது. கேஸ்கெட்டின் ஒரு மூலையில் வெடிப்பு, கப்ளருக்குள் இரண்டு பின் பச்சைப் பசேலென்று களிம்பு, ஹெட்லைட்டின் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க கேஸ்கெட் வழியாக வந்தது என்று தோன்றவில்லை. ஹெட்லைட்டின் பின் மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பார்க்கிங் பல்பு மாற்றியபோது யாரோ அப்படியே அமுக்கிவிட்டிருக்கிறார்கள். அதைக் கவனிக்காமல் பேலஸ்டை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இந்த மழைக்காலத்திலேயே போயிருக்கும்.

பழைய பேலஸ்டில் இருந்த பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் புதியது வாங்கினேன், கேஸ்கெட்டோடு வந்தது. ஹெட்லைட்டை மூடியில்லாமல் ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்துக் காயவிட்டு மாட்டினேன். ஆன் செய்தால் அப்போதும் எரியவில்லை! நெஞ்சே நின்றுவிட்டது.

கோவை அண்ணனுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன், உடனே பதில் வந்தது. சில வண்டிகளில் ஒரே விளக்கில் பல தடவை கோளாறு பதிவானால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்துக்குக் கரன்ட் கொடுப்பதையே பூட்டி வைத்துவிடுமாம், அந்தக் கோளாறுப் பதிவை வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் அழித்தால்தான் திறக்குமாம். 55 வாட் பல்பு எரிந்தபோது பூட்டு விழவில்லை, அதற்கடுத்த நாள் பழைய பேலஸ்டோடு நான் மூன்று, நாலு தடவை ஆன் செய்து பார்த்ததில் விழுந்திருக்கிறது. பக்கத்துக் கடையில் ஸ்கேனர் போட்டு அழித்ததும் ஒரு சிமிட்டலுக்குப் பிறகு வெள்ளையாக எரிந்தது. சுவரில் குறித்த கோட்டின் உயரத்துக்கே சரியாக விழுகிறது.

திருச்சி ஹேட்ச்பேக்:

அண்ணா, என் ஹேட்ச்பேக்கில் ஹாலஜன்தான், எச்4 பல்பு. ஆன்லைனில் 55 வாட் செனான் கிட் இரண்டு பேலஸ்டோடு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, நானே மாட்டிவிடலாமா?

கோவை ஒயரிங்:

மாட்ட வேண்டாம் தம்பி. எச்4 ஹெட்லைட்டின் உள் வளைவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்கென்று அளந்து செய்தது. செனானின் ஒளி வேறு இடத்தில், வேறு வடிவத்தில் பிறக்கிறது, அதனால் டிம்மில் போட்டாலும் எதிரே வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும். திருச்சி மதுரை ரோட்டில் ராத்திரி எதிரே ஒருத்தன் அப்படி வந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனி செனானில் எடைக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்தும் மோட்டாரும் கண்ணாடி கழுவும் பீச்சும் வைக்கிறார்கள் என்றால் காரணம் இந்த வெளிச்சத்தின் பலம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவிலும் இப்படி மாற்றுவதற்கு இடமில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் கண்ணாடியின் மஞ்சளை பாலிஷ் செய்து, நல்ல ரிலே ஒயரிங் போடுங்கள், அதே ஹாலஜன் எவ்வளவு எரிகிறது பாருங்கள்.

வேளச்சேரி செடான்:

கடைசியாக ஒன்று. பல்பும் பழையதாகிவிட்டது, கொஞ்சம் இளஞ்சிவப்பாக எரிகிறது. அதையும் ஜோடியாக மாற்றப் போகிறேன். கழற்றியதைக் குப்பையில் போடலாமா?

சர்க்யூட் பிரியன்:

சிவந்து எரிவது பல்பின் ஆயுள் முடியப்போகிறது என்பதற்கான அறிகுறி, ஜோடியாக மாற்றுவது சரி, இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக எரியும். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டி1எஸ் அல்லது டி2எஸ் என்றால் உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். டி1எஸ் இருந்த இடத்தில் டி3எஸ் போட முயல வேண்டாம், வோல்டேஜே வேறு. கைதவறி உடைந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டியான அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். துடைப்பமோ வாக்யூம் கிளீனரோ வேண்டாம். வெளிக் கண்ணாடி விரிசல் விட்ட பல்பை எரிகிறதே என்று திரும்ப மாட்டவும் கூடாது, புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தக் கண்ணாடிதான்.

கோவை ஒயரிங்:

பல்பு மாற்ற வலது பக்கத்தையும் திறப்பீர்கள் அல்லவா, அப்போது அந்தப் பக்கப் பின் மூடியையும் கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள். அதே புயலில் அதே உயரத் தண்ணீரில் நின்றதுதான் அதுவும்.

வேளச்சேரி செடான்:

பார்க்கிறேன் அண்ணா. இந்த ஞாயிறே. சாவி மறுபடி பீரோவுக்குப் போகும்.